உப்பு ஜாடி எங்கே?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வயது 63 என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே நானும் சொல்லலாம். அவர் வீட்டில் இப்போது மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவாம். ஒன்று, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சென்ற வருஷம் காலமாகிவிட்ட கணவருடைய விண்டோஸ் லாப்டாப். இரண்டாவது, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, பழையதை அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிய மாக். மூன்றாவது, வீட்டோடு தங்கி என்ஜினீயரிங் படிக்கும் பெண் வயிற்றுப் பேரனுடையது. அதில் லினக்ஸ் என்று ஏதோ ஓடுகிறதாம்.

"மூன்றும் மூன்று தினுசாக இருக்கின்றன. நான் மூன்று தடவை அரிச்சுவடி படிக்க வேண்டுமா?" என்பது அவர் கேள்வி.

இத்துடன் கடிதம் முடிந்திருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் கடைசிப் பாராவில்தான் விஷயமே இருக்கிறது. பேரனிடம் கேட்டால், "நகரு பாட்டி, நானே பண்ணித் தரேன்" என்று மௌஸைப் பிடுங்கிக்கொள்கிறானாம். அவன் விரல் போகிற வேகத்தில் என்ன செய்தான் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லையாம். தெருக்கோடிக் கடைக்காரரோ, "மாமி, அந்தப் பழைய லாப்டாப் இனிமே உதவாது. போட்டுட்டுப் புதுசா வாங்கிக்குங்கோ" என்கிறாராம். அந்த லாப்டாப்புக்குள் கணவருடைய பென்ஷன் காகிதங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், பெண்ணின் கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. எந்த மூலையில் இருக்கின்றன என்பது மட்டும் அந்த அம்மாளுக்குத் தெரியாது.

சகோதரிகளே, இது மாம்பலத்தில் ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற சமாசாரமா? நகை எந்தப் பெட்டியில் இருக்கிறது, லாக்கர் சாவி எந்தப் புடைவை மடிப்பில் இருக்கிறது என்றெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். அதே வீட்டின் பத்திரமும் படமும் பாங்குக் கணக்கும் குடியிருக்கும் யந்திரத்தை மட்டும், 'அவர் பார்த்துக்கொள்வார்', 'பிள்ளை பார்த்துக்கொள்வான்' என்று விட்டுவிடுகிறோம். ஆகவே இந்த வாரம் தையலையும் வடாத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பற்றியே பேசலாம் என்று உத்தேசம்.

முதலில் அந்தச் சகோதரியின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். மூன்று தடவை படிக்க வேண்டியதில்லை. கல்யாணமாகிப் புக்ககம் போன மறுநாள் காலை அடுக்களைக்குள் நுழைந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சமைக்கத் தெரியாதவரா நீங்கள்? பிறந்த வீட்டில் பத்துப் பேருக்குச் சமைத்தவர்தான். ஆனாலும் கை ஓடவில்லை. அங்கே உப்பு மரவையில் இருந்தது. இங்கே ஜாடியில் இருக்கிறது. அங்கே புளிப்பானை கைக்கெட்டிய இடத்தில். இங்கே பரண் மேலே. அங்கே நெருப்புப் பெட்டி அடுப்பு மேடையில். இங்கே மாமியார் இடுப்பில்! நாலு நாளில் எல்லாம் பழகிவிட்டது. ஏனென்றால் சமையல் மாறவில்லை, சாமான் இருக்கும் இடம்தான் மாறியிருந்தது. விண்டோஸ், மாக், லினக்ஸ் என்ற மூன்றும் மூன்று அடுக்களைகள். உப்பு ஜாடி எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்ற பெயரைக் கேட்டதும் ஆஸ்பத்திரி நெடி மூக்கில் ஏறுகிறது, வாஸ்தவம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். பெயர் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் பயம் தெளியும். 1950-களின் ஆரம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஆபரேட்டர் என்று ஒருவர் நிற்பார். ஒரு கணக்கு முடிந்ததும் அந்த அட்டைகளை எடுத்துவிட்டு அடுத்த கணக்கின் அட்டைகளைப் போடுவது அவர் உத்தியோகம். அவர் அட்டை மாற்றுகிற வரையில், கொள்ளை விலை கொடுத்து வாங்கிய யந்திரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும். 1956-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் கம்பெனியும் சேர்ந்து, ஐ.பி.எம். 704 என்ற யந்திரத்துக்காக ஒரு புரோகிராம் எழுதின. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும்படி அது செய்தது. ஆபரேட்டர் கையால் செய்ததை ஒரு புரோகிராமே செய்ய ஆரம்பித்தது. இன்று நாம் பேசுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாட்டி அதுதான் என்று சொல்லலாம்.

இன்றைக்கும் அதன் வேலை, வீட்டு அம்மாள் காலை ஏழு மணிக்குச் செய்கிற வேலைதான். அடுப்பு ஒன்று, சாதம், சாம்பார், கறி, காப்பி என்று பதார்த்தம் நாலு. எதை எப்போது ஏற்றுவது, எதை இறக்கி வைப்பது, எந்தப் பாத்திரம் யாருக்கு, உக்கிராண அறைச் சாவியை யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்று ஒருத்தி பார்த்துக்கொள்கிறாளே, அது போல. நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடிதம் அடிக்கிறீர்கள்; அச்சு யந்திரம் ஒரு பக்கம் ஓடுகிறது. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் முறை வைத்து நடத்துகிறது ஆபரேட்டிங் சிஸ்டம்.

இனி இந்த மூன்று குடும்பங்களின் கோத்திரத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியவர்கள் யூனிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 2001-ல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸ் அந்த வம்சத்தில் வந்தது. இன்றைய மாக் அதன் வாரிசு. 1991-ல் பின்லாந்து தேசத்தில், ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், யூனிக்ஸைப் பார்த்து அதே மாதிரியில் சொந்தமாக எழுத ஆரம்பித்தது லினக்ஸ். ஆக, மாக்கும் லினக்ஸும் ஒன்றுவிட்ட சகோதரிகள் போல. விண்டோஸ் வேறு குடும்பத்துப் பெண். 1985-ல் அதன் முதல் பதிப்பு வந்தது. 1995-ல் 'ஸ்டார்ட்' பொத்தானோடு வந்தபோதுதான் உலகத்தின் வீடுகளிலெல்லாம் புகுந்தது.

லினக்ஸ் என்றதும் அது பேரன் மாதிரிக் கெட்டிக்காரப் பையன்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனா? அதன் அடித்தளத்தில் இருப்பது லினக்ஸின் கருவேதான். காலையில் எழுந்து வாட்ஸப்பில் சுப்ரபாதம் அனுப்புகிற ஒவ்வொரு மாமியும் தன்னை அறியாமலே லினக்ஸ் உபயோகிக்கிறாள். இதைப் பேரனிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்று.

இங்கே ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஸூஸன் கேர் என்று பெயர். சித்திரக் கலை படித்தவர். 1984 ஜனவரியில் வெளிவந்த முதல் மாக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்குச் சின்னச் சின்னச் சித்திரங்கள் வரைந்தவர் அவர்தான். குப்பைத் தொட்டி, சிரிக்கும் கம்ப்யூட்டர் முகம் எல்லாம் அவர் கைவண்ணம். எப்படி வரைந்தார் தெரியுமா? கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, குறுக்கே 32, நெடுக்கே 32 கட்டங்களுக்குள் எதைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்று பார்த்துப் பார்த்து நிரப்பினார். மொத்தம் 1024 கட்டம். மார்கழி மாதத்தில் நோட்டுப் புத்தகத்தில் புள்ளி வைத்து, விடிந்தால் வாசலில் எந்தக் கோலம் என்று பார்க்கிறோமே, அதே வேலை!

மாக் விசைப்பலகையில் 'கமாண்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதன் மேல் நாலு மூலையிலும் சுழி போட்ட ஒரு சதுரம் இருக்கும். நம் வீட்டுக் குழந்தை அதைப் பார்த்தால் சிக்குக் கோலம் என்றுதான் சொல்லும். ஸ்வீடன் தேசத்தில், 'இங்கே பார்க்கத்தக்க ஸ்தலம் உண்டு' என்று வழிப்போக்கர்களுக்குக் காட்டுகிற அடையாளம் அது; அதைத் தேடிப் பிடித்துப் பொத்தானில் பொறித்தவரும் ஸூஸன் கேர்தான். பிறகு 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-இல் ஸாலிட்டேர் என்ற சீட்டு விளையாட்டு இருந்ததல்லவா, அந்தச் சீட்டுக்களை வரைந்த கையும் இதே கைதான். மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து அந்தச் சீட்டுக்களை இழுத்து இழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். மௌஸைப் பிடித்து இழுக்கிற வித்தை அவர்களுக்கெல்லாம் அப்படித்தான் கைவந்தது. போட்டி போடும் இரண்டு வீடுகளுக்கும் ஒரே பெண் கோலம் போட்டிருக்கிறாள் என்றால், ஒரு வீட்டில் பழகிய கண் மற்றொரு வீட்டில் ஏன் தவிக்க வேண்டும்?

நிற்க. உப்பு ஜாடிக்கு வருவோம்.

உப்பு என்று நான் சொல்வது நீங்கள் சேர்த்து வைத்த ஃபைல்களை. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எழுதுவது அல்ல, படம் பார்ப்பது அல்ல. போட்டது எங்கே போயிற்று என்பதுதான். இதில் ஒரு நல்ல சேதி. மூன்று யந்திரங்களிலும் உங்கள் பெயரில் ஓர் அறை உண்டு. அந்த அறைக்குள் டாக்யுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்ற அலமாரிகள் உண்டு. பெயர்கூட மாறுவதில்லை! விண்டோஸில் மஞ்சள் நிற ஃபோல்டர் படத்தைத் தட்டினால் இந்த அலமாரிகள் இடது பக்கம் தெரியும். மாக்கில் சிரிக்கும் நீல முகம் ஒன்று கீழே இருக்கும். ஃபைண்டர் என்று பெயர். அதைத் தட்டினால் தெரியும். லினக்ஸில் 'ஃபைல்ஸ்' என்று எழுதிய படத்தைத் தட்டுங்கள்.

பாங்குக்காரர் அனுப்பிய ஸ்டேட்மென்டைக் காணோம் என்று தேடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது டவுன்லோட்ஸ் அலமாரியில்தான் கிடைக்கும். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய சாமான் எல்லாம் வேறு இடம் சொல்லாவிட்டால் அங்கேதான் போய் விழுகிறது. வாசல் திண்ணையில் காய்கறிக்காரி இறக்கிவிட்டுப் போகிற கூடை மாதிரி. உள்ளே எடுத்து வைப்பது நம் பொறுப்பு. வாரம் ஒரு முறை அந்த அலமாரியைத் திறந்து, வேண்டியதை டாக்யுமென்ட்ஸுக்கு மாற்றி, வேண்டாததைக் குப்பைக்கு அனுப்புங்கள்.

அப்படியும் அகப்படவில்லையா? பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். விண்டோஸில், ஜன்னல் படம் போட்ட பொத்தானை அமுக்கிவிட்டுப் பெயரை அடியுங்கள். மாக்கில், கமாண்ட் பொத்தானையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அமுக்கிவிட்டு அடியுங்கள். லினக்ஸில் உபுண்டு என்ற வகையிலும் அந்த ஜன்னல் பொத்தானே போதும். இதற்கு ஒரு நிபந்தனை. ஃபைலுக்கு நீங்கள் ஒழுங்காகப் பெயர் வைத்திருக்க வேண்டும். 'புதிது', 'புதிது 2', 'கடைசி', 'உண்மையில் கடைசி' என்று பெயர் வைத்தால் எந்த யந்திரமும் திண்டாடும். 'வீட்டு வரி 2024' என்று தமிழிலேயே வையுங்கள், மூன்றும் ஒப்புக்கொள்ளும். லினக்ஸில் இங்கிலீஷ் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பெயராகும் என்று ஒரு பிடிவாதம் உண்டு. தமிழில் அந்தத் தொல்லையே கிடையாது பாருங்கள்!

கதவைச் சாத்துவதில் ஒரு சின்ன வித்தியாசம். விண்டோஸில் மூடுகிற குறி வலது மூலையில். மாக்கில் இடது மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. மாக்கில் பொட்டைத் தொட்டால் பெரும்பாலும் ஜன்னல்தான் மூடும்; புரோகிராம் உள்ளே உட்கார்ந்துகொண்டே இருக்கும். அதை வெளியே அனுப்பக் கமாண்டும் க்யூவும் அமுக்க வேண்டும். மற்றப்படி, விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல் பொத்தானோடு செய்வதையெல்லாம் மாக்கில் கமாண்ட் பொத்தானோடு செய்யுங்கள். ஸி என்றால் நகல், வி என்றால் ஒட்டு, எஸ் என்றால் சேமி, பி என்றால் அச்சடி. இஸட் என்றால் 'ஐயோ, இப்போது செய்தேனே, அதை வேண்டாமென்று விடு'. இந்தக் கடைசி ஒன்றுக்காக மட்டுமே கம்ப்யூட்டருக்குக் கோவில் கட்டலாம். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு இஸட் அமுக்க முடியுமா?

பென் டிரைவ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டு அடுப்பில் சரியாக உட்காராது என்பது போல, விண்டோஸுக்கென்றே உள்ள என்டிஎஃப்எஸ் என்ற முறையில் தயார் செய்த டிரைவை மாக்கில் செருகினால், உள்ளே இருப்பதைப் படிக்கலாம். புதிதாக எதையும் எழுத முடியாது. யந்திரம் கெட்டுவிட்டது என்று பதறிக் கடைக்கு ஓடுகிறார்கள். எக்ஸ்ஃபேட் என்ற முறையில் தயார் செய்தால் மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருக்கும். தயார் செய்யும்போது டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி டிரைவில் செய்யுங்கள். பிறகு, விண்டோஸில் பென் டிரைவிலிருந்து அழித்த ஃபைல் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். எடுக்கும்போது, 'இஜெக்ட்' சொல்லிவிட்டே உருவ வேண்டும்.

இப்போது சாவிக் கொத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரியின் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய இடம் இதுதான். கணவருடைய லாப்டாப்பின் பாஸ்வேர்டு, தெய்வாதீனமாக, அவர் டைரியின் கடைசிப் பக்கத்தில் கிடைத்ததாம். கிடைக்காமல் போயிருந்தால்?

பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு 1960-களின் ஆரம்பத்தில், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானபோதே பாஸ்வேர்டும் கூடவே வந்துவிட்டது. அன்றைக்கு அது வெறும் தாழ்ப்பாள். இன்றைக்கு அப்படி அல்ல. இப்போதைய லாப்டாப்புகள் பலவற்றில் உள்ளே இருப்பதையெல்லாம் ரகசியக் குறியாக மாற்றிப் பூட்டி வைக்கிற ஏற்பாடு இருக்கிறது. விண்டோஸில் பிட்லாக்கர் என்றும் மாக்கில் ஃபைல்வால்ட் என்றும் பெயர். திருடன் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும் படிக்க முடியாது, ரொம்ப நல்லதுதான். ஆனால் சாவி இல்லாவிட்டால் வீட்டுக்காரியும் படிக்க முடியாது! பிட்லாக்கருக்கு 48 இலக்கம் கொண்ட ஒரு மீட்புச் சாவி உண்டு. வீட்டு லாப்டாப்பில் அது வழக்கமாக உரியவருடைய மைக்ரோஸாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் தெரியாது, போனும் நின்றுபோயிற்று என்றால், எத்தனை பெரிய மெக்கானிக் வந்தாலும் கல்யாணப் போட்டோ திரும்பாது.

ஆகவே சகோதரிகளே, வீட்டு ஐயா நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். அசுபமாகப் பேசுகிறாளே என்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இன்ஷூரன்ஸ் பாலிஸியை எடுத்துக் காட்டியவர்தானே, இதையும் காட்டட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாஸ்வேர்டுகளையும் மீட்புச் சாவியையும் எழுதி, நகைப் பெட்டியோடு வையுங்கள். யந்திரத்தின் மேலேயே காகிதம் ஒட்டி வைப்பது பூட்டின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுவது போல, அது வேண்டாம்.

இன்னொன்று. மூன்று வீட்டிலும் எஜமானிக் கணக்கு என்றும் சாதாரணக் கணக்கு என்றும் இரண்டு உண்டு. புதிதாக ஒரு புரோகிராமை உள்ளே சேர்க்க எஜமானிக் கணக்கின் அனுமதி வேண்டும். நீங்கள் எதுவும் செய்யாமலிருக்கும்போது, திடீரென்று பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி முளைத்தால் கொடுக்காதீர்கள். வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அர்த்தம். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த நம்பருக்கு டெலிபோன் செய்யுங்கள்' என்று திரை முழுவதும் சிவப்பாகக் கத்துகிறதே, அது சுத்தமான மோசடி. மைக்ரோஸாஃப்டின் எச்சரிக்கையில் டெலிபோன் நம்பர் வராது என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது.

நகல் எடுத்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "எல்லாம் கிளவுடில் இருக்கிறது, கவலையில்லை" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். விண்டோஸில் ஒன்டிரைவ், மாக்கில் ஐகிளவுட். இலவசமாகக் கிடைப்பது ஒவ்வொன்றிலும் 5 ஜிபி இடந்தான். ஒரு கல்யாணத்து வீடியோவுக்கே காணாது. அதைவிட முக்கியம், அது நிலைக்கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. நீங்கள் நெற்றிப் பொட்டை அழித்தால் கண்ணாடியில் உள்ள பொட்டும் அழிந்துவிடும் அல்லவா? இங்கே அழித்த ஃபைல் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவுதான். கண்ணாடி வேறு, படம் எடுத்து மாட்டுவது வேறு. கழற்றித் தனியே வைக்கக்கூடிய ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு முறை நகல் எடுத்து, அலமாரியில் பூட்டுங்கள். மாக்கில் டைம் மெஷின் என்று இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது; அதற்கு மட்டும் தனி டிஸ்க் கொடுத்துவிட வேண்டும்.

கடைக்காரர் சொன்னதற்குப் பதில் சொல்லவேண்டும். அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. அந்த லாப்டாப்பில் இருப்பது 2015-ல் வந்த விண்டோஸ் 10. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை மைக்ரோஸாஃப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடித்துக்கொண்டது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரையில் ஒரு வருஷம் வாய்தா கொடுத்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. பழைய யந்திரங்கள் பலவற்றில் அது கிடையாது, அல்லது யந்திரத்தின் மூளையே பட்டியலில் இல்லை. ஆக, திருத்தம் இல்லாத விண்டோஸில் பாங்கு வேலை பார்ப்பது தாழ்ப்பாள் துருப்பிடித்த கதவை நம்பித் தூங்குவது போலத்தான்.

ஆனால் கதவு துருப்பிடித்தால் வீட்டையா இடிப்பார்கள்? அதே லாப்டாப்பில் லினக்ஸைக் குடிவைக்கலாம். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் என்ற வகை விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அன்னியமாகத் தெரியாது. 4 ஜிபி நினைவு உள்ள யந்திரத்திலும் சுகமாக ஓடும். முக்கியமான சௌகரியம் என்னவென்றால், பெண் பார்த்துவிட்டுப் பிறகு சம்மதம் சொல்லலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அதை எழுதிக்கொண்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பலாம். உள்ளே இருக்கும் விண்டோஸில் கை வைக்காமல், இரண்டு நாள் உபயோகித்துப் பார்க்கலாம். ஒய்ஃபை வருகிறதா, அச்சு யந்திரம் பேசுகிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா என்று பாருங்கள். 'இன்ஸ்டால்' என்ற பொத்தானை மட்டும் அதுவரையில் தொடாதீர்கள். தொட்டுவிட்டு, டிஸ்க்கை முழுவதும் அழிக்கலாமா என்று கேட்கும் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டால் பத்திரமும் போட்டோவும் போய்விடும்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 2011-ல் தமிழ்நாட்டு மாணவ மாணவிகளுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு கூட, சென்னை ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். அடுத்த வீட்டுக் கேரளத்திலோ அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் லினக்ஸிலேயே பாடம் படிக்கிறார்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். டாலி கணக்குப் புரோகிராம் லினக்ஸில் நேராக ஓடாது. ஆடிட்டர் வீட்டு லாப்டாப்பில் அது இருக்கத்தான் இருக்கும். மைக்ரோஸாஃப்ட் ஆபீஸும் அப்படியே. அதற்குப் பதில் லிப்ரேஆபீஸ் உண்டு. பழைய வேர்டு கடிதங்களைத் திறக்கும், எப்போதாவது பாரா கொஞ்சம் கோணிக்கொள்ளும். கணவருடைய பழைய கணக்குகள் இன்னும் தேவைப்படுமானால், அவற்றை அச்சடித்தோ பிடிஎஃப் ஆக்கியோ வைத்துக்கொண்ட பிறகு மாறுங்கள். பாங்கு, மின்சாரக் கட்டணம், ரயில் டிக்கெட், வாட்ஸப் எல்லாம் பிரௌசர் வழியாக நடப்பவை. மூன்று வீட்டிலும் ஒரே மாதிரிதான். தமிழில் அடிப்பதும் அப்படியே. 1999-ல் தமிழ்நாடு அரசு ஒப்புக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகை முறையை மூன்றிலும் அமைத்துக்கொள்ளலாம். கை பழகிவிட்டால் எந்த யந்திரத்தில் உட்கார்ந்தாலும் விரல் தானே போகும்.

மாம்பலம் சகோதரி இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். புது ஹார்ட் டிஸ்க்கைப் பழைய லாப்டாப்பில் செருகி, கணவர் பெயரில் உள்ள அறையை முழுவதும் நகல் எடுக்கட்டும். பேரன் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். நகலை மாக்கில் செருகி, கல்யாணப் போட்டோ நாலைந்தைத் திறந்து பார்க்கட்டும். பிறகு பென் டிரைவிலிருந்து லினக்ஸைப் பரீட்சை பார்க்கலாம். அதெல்லாம் வேண்டாம், லாப்டாப்பைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன் என்றாலும் ஆட்சேபம் இல்லை. கொடுக்குமுன், விண்டோஸ் 10-இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'அப்டேட் அண்டு செக்யூரிட்டி', அதற்குள் 'ரெகவரி', அதற்குள் 'ரீஸெட் திஸ் பிஸி' என்று போய், 'ரிமூவ் எவரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைவைச் சுத்தமாகத் துடைக்கவும் சொல்லவேண்டும், அதற்கு நாழிகையாகும். காலையில் ஆரம்பித்துவிட்டுச் சமையலைக் கவனிக்கலாம்.